நடந்தபடி வாசிப்பதும் அமர்ந்து வாசிப்பதும்: நியூயார்க், டப்ளின், கிளாஸ்கோ, லோரியான்

அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் பெயரால் மார்ச் 17-ஆம் தேதி வரும் புனித பேட்ரிக் திருநாளுக்குப் பயணம் திட்டமிடுகிறவர்கள், நியூயார்க் போவதா டப்ளின் போவதா என்ற கேள்வியுடன்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அணிவகுப்பைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் அந்தக் கேள்வி போதுமானது. அயர்லாந்தின் இசையையும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், அதற்கு முன்பே இன்னொன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தெருவில் ஒலிப்பது நடந்துகொண்டே வாசிக்கத்தக்க இசை. அயர்லாந்து தன் மரபில் மிகவும் போற்றும் இசையோ உட்கார்ந்து வாசிக்கப்படுவது.

இந்த வேறுபாட்டை இரண்டு வாத்தியங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம். அணிவகுப்புகளில் முழங்கும் பேக்பைப், ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியிலிருந்து வந்தது. வாயால் காற்றை ஊதித் தோல்பையை நிரப்பி, அக்குளில் வைத்து அழுத்தி வாசிக்கிறார்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதைப் போலத் தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் இடைவிடாமல் சுருதி தருகின்றன. ஒன்பது சுரங்களே உண்டு. ஆனால் ஓசை ஒரு தெருவையே நிறைத்துவிடும். அயர்லாந்துக்கே உரிய இலியன் பைப்பில் வாயால் ஊதும் வேலை இல்லை. வலது முழங்கையில் கட்டிய சிறு துருத்தி காற்றைத் தருகிறது. சுருதிக் குழல்கள் மடியின் குறுக்கே கிடக்கின்றன. வாசிக்கும் குழலின் அடிவாயைத் தொடையில் கட்டிய தோல்பட்டையின் மேல் அழுத்தி மூடியும் திறந்தும் கலைஞர் சுரங்களை வெட்டி வாசிக்கிறார், மேல் ஸ்தாயிக்கும் போகிறார். இரண்டு ஸ்தாயிகளில் பாடும் இந்த வாத்தியக் கலையை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மடியும் தொடையும் இல்லாமல் வாசிக்க முடியாத இந்த வாத்தியத்தை நடந்து செல்லும் ஊர்வலத்தில் கேட்க முடியாது.

நியூயார்க் அணிவகுப்பின் வயது அமெரிக்காவின் வயதைவிட அதிகம். முதல் ஊர்வலம் 1762-இல், விடுதலைப் பிரகடனத்துக்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. இன்று ஐந்தாம் அவென்யூவில் 44-ஆம் தெருவிலிருந்து 79-ஆம் தெரு வரை, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவை ஒன்றரை லட்சம் பேர் நடந்து கடக்கிறார்கள் என்று கணக்கிடப்படுகிறது. அலங்கார வண்டிகளுக்கும் கார்களுக்கும் இதில் இடமில்லை. ஐரிஷ் மரபுள்ள அமெரிக்க ராணுவப் பிரிவான 69-ஆம் படைப்பிரிவு முன்னே செல்ல, அயர்லாந்தின் 32 கவுண்டிகளின் (மாவட்டங்களின்) பெயரால் அமைந்த சங்கங்களும், தொழிற்சங்கங்களும், பள்ளிகளும், காவல்துறை, தீயணைப்புத் துறைக் குழுக்களும் தத்தம் பதாகையின் பின்னே மணிக்கணக்கில் நடக்கின்றன. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர்களின் வழிவந்தோர், எள்ளுப்பாட்டன் பிறந்த மண்ணின் பெயர் எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு வரும் காட்சி அது. வேடிக்கை காட்டுவதற்காக அவர்கள் நடக்கவில்லை. நாங்கள் இன்னாருடைய பிள்ளைகள் என்று சொல்வதற்காக நடக்கிறார்கள். இந்த அணிவகுப்பின் பெருமையாக நான் கருதுவது இதைத்தான். தீயணைப்புத் துறையினர் 2001 செப்டம்பர் 11 அன்று உயிர்நீத்த தம் தோழர்கள் 343 பேருக்காக 343 கொடிகளை ஏந்தி வருவதை, வேறெந்த நகரத்தின் அலங்கார வண்டியோடும் ஒப்பிடத் தோன்றாது.

இன்னார் எங்களைச் சேர்ந்தவர் என்று சொல்லும் ஊர்வலத்தில், இன்னார் சேர்ந்தவர் அல்லர் என்ற சண்டையும் நெடுங்காலம் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. தன்பால் ஈர்ப்புடைய ஐரிஷ் வம்சாவளியினர் தங்கள் பதாகையுடன் நடக்க 1990-களின் தொடக்கத்திலிருந்தே போராடினார்கள். அப்படி ஓர் அமைப்பு முதலில் அனுமதிக்கப்பட்டது 2015-இல்தான். அடுத்த ஆண்டு, அவர்களே கட்டிய ஐரிஷ் அமைப்பு ஒன்றும் நடந்தது. இசை என்று பார்த்தால் நியூயார்க் குறைவாகவே தருகிறது. ஒரு பைப் குழு உங்களைக் கடக்கும் நேரத்தில் ஒரு மெட்டின் ஒரு பகுதியைத்தான் கேட்க முடியும். அது காதில் படிவதற்குள் அடுத்த குழுவின் முரசு அதை மூடிவிடுகிறது.

டப்ளினின் அணிவகுப்பு வேறு நோக்கத்துடன் பிறந்தது. அயர்லாந்தில் இந்த நாள் 1903-இல் பொது விடுமுறையானது என்றாலும், அது வழிபாட்டு நாளாகவே நெடுங்காலம் இருந்தது. 1927-இல் வந்த சட்டத்தால் மதுக்கூடங்கள்கூட அன்று மூடப்பட்டிருந்தன. 1960-களின் தொடக்கத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ் மக்கள் தங்களைவிடச் சிறப்பாகக் கொண்டாடுகிறார்கள் என்ற உணர்வு வலுத்த பிறகு, 1995-இல் அரசு ஒரு விழா அமைப்பை ஏற்படுத்தியது. 1996 மார்ச்சில் முதல் விழா நடந்தது. இன்று பார்னல் சதுக்கத்தில் நண்பகலில் புறப்படும் ஊர்வலம், ஓகானல் தெரு வழியாக லிஃபி ஆற்றைத் தாண்டி, புனித பேட்ரிக் பேராலயத்தின் பக்கம் வந்து முடிகிறது. கால்வே நகரத்து மாக்னஸ் போன்ற தெருநாடகக் குழுக்கள் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த இராட்சதப் பொம்மைகளும், கதைக் காட்சிகளும், அமெரிக்காவிலிருந்து வரும் மாணவர் வாத்தியக் குழுக்களும் இதில் முதன்மை பெறுகின்றன. இது பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்டது, நன்றாகவும் படைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் பகல் 12 மணி என்ற ஒரு நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நியூயார்க்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மாலையானால் கணக்கு மாறிவிடுகிறது. ஸ்மித்ஃபீல்டு பகுதியில் உள்ள காபிள்ஸ்டோன் போன்ற மதுக்கூடங்களில், வாசலுக்கு அருகே ஒரு மேசையைச் சுற்றிக் கலைஞர்கள் அமர்கிறார்கள். மேடையோ நிகழ்ச்சிநிரலோ கிடையாது. ஒருவர் ஃபிடிலில் ஒரு மெட்டை எடுக்கிறார். தெரிந்தவர்கள் புல்லாங்குழலிலும், கைக்குள் அடங்கும் துருத்தி வாத்தியமான கான்செர்ட்டினாவிலும் சேர்ந்துகொள்கிறார்கள். தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மெட்டு இரண்டு மூன்று முறை சுற்றி வந்ததும், ஒரு பார்வையிலோ தலையசைப்பிலோ குறிப்புக் கிடைக்க, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுகிறார்கள். இலியன் பைப்பை ஒரு கை தூரத்தில் கேட்கக்கூடிய இடம் இதுவே. இந்தக் கட்டடத்தை உள்ளடக்கி ஒரு தங்கும் விடுதி கட்டும் திட்டம் 2021-இல் வந்தபோது, மக்கள் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து தெருவில் இறங்கினார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. ஒரு நகரம் தன் இசை எந்த அறையில் உயிரோடு இருக்கிறது என்று அறிந்து வைத்திருந்ததால் நடந்தது அது. மார்ச் 17 இரவில் மட்டும் நகரின் மையத்தில் இத்தகைய இடங்களைத் தேடாதீர்கள். கூட்டத்தின் இரைச்சலில் ஃபிடில் கேட்காது. இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்று பழைய செல்டிக் மொழிகளின் மரபு கொண்ட பகுதிகளைச் செல்டிக் என்பார்கள். ஸ்காட்லாந்து நகரமான கிளாஸ்கோவின் 'செல்டிக் கனெக்‌ஷன்ஸ்' விழாவில் அணிவகுப்பைத் தேட வேண்டியதில்லை. 1994 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டரை வாரங்கள், ஏறத்தாழ 300 நிகழ்ச்சிகளுடன் அரங்குகளுக்குள் நடக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, கனடாவின் கேப் பிரெட்டன் தீவு என்று பல ஊர்க் கலைஞர்களை நல்ல ஒலியமைப்பில், இருக்கையில் அமர்ந்து முழுமையாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. பகல் குறுகிய, ஈரமான குளிர்காலம் என்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தெருவும் இசையும் ஒன்றாகவே வேண்டும் என்பவர்களுக்கு, பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் உள்ள லோரியானைச் சொல்வேன். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666-இல் உருவான இந்தத் துறைமுகத்தின் பெயருக்கே 'கிழக்கு' என்றுதான் பொருள். புதுச்சேரிக்குக் கப்பல்கள் புறப்பட்ட ஊர் இது. இங்கே 1971 முதல் ஆகஸ்டில் பத்து நாட்கள் நடக்கும் செல்டிக் விழாவுக்கு அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, கலீசியா, அஸ்தூரியாஸ் ஆகிய பகுதிகளின் கலைஞர்கள் பிரிட்டனிக் கலைஞர்களுடன் வந்து சேர்கிறார்கள். ஞாயிறு காலைப் பேரணிவகுப்பில் ஆயிரக்கணக்கான கலைஞர்களும் நடனக்காரர்களும் தத்தம் ஊர் உடையில் நடக்கிறார்கள். வாசிக்கிறவர்களும் ஆடுகிறவர்களுமே ஊர்வலம். அதனால் இசை இங்கே பின்னணியாகிவிடுவதில்லை.

நம் செவிக்கு நெருக்கமான ஒன்றும் அங்கே இருக்கிறது. பிரிட்டனியின் பொம்பார்டு, நாதஸ்வரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் குழல். நீளம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. ஊதுகிறவரின் உதடு விரைவில் களைத்துவிடுவதால், பினியூ என்ற சிறு பேக்பைப் உடன் வாசித்து, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மெட்டைத் தாங்கிக்கொள்கிறது. மல்லாரி கேட்டுப் பழகிய காது அந்தக் கூர்மையான நாதத்துக்குச் சட்டென்று திரும்பிவிடும்.

செலவைப் பொறுத்தவரை, நியூயார்க்கிலும் டப்ளினிலும் நடைபாதையில் நின்று பார்க்கக் கட்டணமில்லை. டப்ளினில் அந்த வாரம் அறை வாடகை மிகவும் ஏறிவிடும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழிசெய்யும் ஷெங்கன் ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லை. லோரியானுக்கு எடுத்த விசா டப்ளினுக்குச் செல்லாது. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வழி உண்டு என்றால், மார்ச்சில்தான் போக முடிந்தவர் டப்ளினுக்கு 14-ஆம் தேதியே போய்ச் சேரட்டும்; ஆகஸ்டு வரை காத்திருக்கக் கூடியவருக்கு நான் லோரியானையே பரிந்துரைப்பேன்.