இன்ஸ்டன்ட்டா, டேங்க்கா? குளியலறை ஹீட்டர் வாங்கும் முன்

கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 26, 27 டிகிரியில் வரும். இதமாகக் குளிக்க 39 டிகிரி போதும். ஹீட்டர் ஏற்ற வேண்டியது 12, 13 டிகிரிதான். அதற்காக ஒரு டேங்க்கையே கொதிக்க வைப்பது வீண் என்பது என் கட்சி. சாதாரண வீட்டுக்கு, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட்தான்.

3.6 கிலோவாட் இன்ஸ்டன்ட், நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் ஏறக்குறைய 13 டிகிரி ஏற்றும். 6 லிட்டர் விட்டால் 8, 9 டிகிரியோடு நின்றுவிடும். தட்டு மாதிரி அகலமான ரெயின் ஷவர் மாட்ட ஆசைப்படுகிறவர்களும், பாத்டப் வைத்திருப்பவர்களும் டேங்க் பக்கம் போவதே சரி. 25 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் 60 லிட்டர் வரை குளிக்கக் கிடைக்கும்.

விலையில் இன்ஸ்டன்ட் மலிவு, இடமும் குறைவு. அதில் பேச ஒன்றுமில்லை. முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு.

டேங்க்குக்குள் மெக்னீசியம் ஆனோட் கம்பி ஒன்று இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத் தின்னக் கொடுப்பது அதன் வேலை. அது கரைந்து தீர்ந்தபின் துரு டேங்க்கைத் தொடும். வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறியதும் நுழைவு வால்வை மூடி, டேங்க்கை வடித்து, கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள இரும்பு தெரிந்தால் புதுசு போட வேண்டும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் சேர்த்து. டேங்க்கில் அழுத்தம் ஏறினால் வெளியேற்றும் பிரஷர் வால்வையும் அவ்வப்போது திறந்து மூடாவிட்டால் இறுகிவிடும். டேங்க்கோ சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும், யார் ஏறுவார்? பல வீடுகளில் சீலிங்கில் பழுப்புக் கறை படரும்போதுதான் அப்படியொன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. சுடுநீர்க் குழாயும் செம்பாகவோ சூடு தாங்கும் பிபிஆர் பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். சாதாரண பிவிசி 60 டிகிரியில் இளகும்.

இன்ஸ்டன்ட்டில் உங்கள் வேலை தண்ணீர் உள்ளே நுழையும் இடத்திலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுவதோடு சரி. தண்ணீர்த் தடைக்குப் பிறகு கலங்கலாக வரும் நாட்களில் அதில் மண் அடைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால், தண்ணீர் ஓட்டத்தை உணர்ந்து ஹீட்டரை இயக்கும் ஃப்ளோ சுவிட்ச் இயங்காது, தண்ணீர் சுடாது. ஹீட்டர் போய்விட்டது என்று புதுசு வாங்குவதற்குமுன் சல்லடையைப் பாருங்கள்.

இரட்டை மாடி டெரஸ் வீட்டின் மேல்மாடியில் பம்ப் வைத்த மாடல்தான் வேண்டும். கூரைத் தொட்டிக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் 2 மீட்டர்கூட இராது, அழுத்தம் 0.2 பாரைத் தாண்டாது. ஏசி பம்ப்பைவிட டிசி பம்ப் சத்தம் குறைவு. காண்டோவில் பெரும்பாலும் பம்ப் தேவைப்படாது. மேல்மாடிகளில் மட்டும் ஷவரைத் திறந்து வேகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 3.6 கிலோவாட் என்றால் 15, 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் சொருகவே கூடாது. ஹீட்டருக்கென்று தனி 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் துண்டிப்பது), 4 சதுர மில்லிமீட்டர் வயர், குளியலறைக்கு வெளியே இரு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச், வீட்டின் மின் விநியோகப் பெட்டியான டிபி பெட்டியில் 10 மில்லியாம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). ஹீட்டருக்குள்ளேயே ஈஎல்சிபி என்ற மின்கசிவுப் பாதுகாப்பு இருப்பதால் ஆர்சிடி தேவையில்லை என்று சொல்லும் வயர்மேனை நம்பாதீர்கள். ஹீட்டரைப் போட்டதும் ஆர்சிடி விழுந்து மின்சாரம் நின்றால், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டில் மின்கசிவு இருக்கலாம். எலிமென்ட்டை மாற்றச் சொல்லுங்கள், ஆர்சிடியைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுக்க விடாதீர்கள். ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் சரிசெய்யும்வரை அந்த ஹீட்டரைத் தொடாதீர்கள்.