பொய்ச் செய்தியைத் திருத்துவது: எல்லோர் முன்னாலா, தனியாகவா?

யாராவது பொய்ச் செய்தியைப் பகிர்ந்தால் அதன் கீழேயே ஒரு இணைப்பைப் போட்டு "இது தவறுங்க" என்று சொல்லிவிடுவதுதான் நமக்குப் பழக்கம். திருத்தினால் இன்னும் முரண்டு பிடிப்பார்கள் என்று 2010-க்குப் பிறகு ஒரு பயம் பரவியது. ஆனால் 2019-இல் வுட், போர்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 52 விஷயங்களை வைத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் சோதித்தபோது அப்படி அநேகமாக எதுவும் நடக்கவில்லை. சரி, தகவல் திருந்துகிறது. ஆனால் திருத்தப்பட்டவரின் பேச்சும் பகிர்வும் திருந்துகிறதா?

அமெரிக்க அரசியல் பற்றிய பொய்ச் செய்திகளைப் பகிர்ந்த சுமார் 2000 ட்விட்டர் பயனர்களுக்கு மொஸ்லே என்பவரின் ஆய்வுக் குழு பொதுவெளியிலேயே பதில் போட்டுப் பார்த்தது. திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை, பணிவாக ஒரு வரி, கூடவே உண்மை சரிபார்ப்பு இணைப்பு, அவ்வளவுதான். அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் ரீட்வீட் செய்த செய்திகளின் தரம் இறங்கியது, கட்சிச் சாய்வு கூடியது, மொழியில் நஞ்சும் ஏறியது! 2021-இல் வெளிவந்த இந்த முடிவு என்னை ரொம்பவே உறுத்துகிறது. நாலு பேர் பார்க்கத் திருத்தப்பட்டவருக்குச் செய்தி உண்மையா என்பதைவிடத் தன் மானம்தான் பெரிதாகிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டு பென்னிகுக் என்பவரின் ஆய்வுக் குழு வேறு வழியில் போனது. பிரைட்பார்ட், இன்ஃபோவார்ஸ் என்ற நம்பகம் குறைந்த அமெரிக்க வலதுசாரித் தளங்களின் செய்திகளைப் பகிர்ந்த 5379 பேருக்குத் தனிச்செய்தி அனுப்பி, அரசியலே இல்லாத ஒரு செய்தித் தலைப்பு உண்மையாக இருக்குமா என்று மட்டும் கேட்டார்கள். யாரையும் தவறு என்று சொல்லவே இல்லை, ஆனாலும் பிறகு அவர்கள் பகிர்ந்த தளங்களின் தரம் உயர்ந்தது. குறை என்னவென்றால், ஏற்கெனவே பரவிய பொய் அப்படியே கிடக்கும், அதைப் படித்த மற்றவர்களுக்கு உண்மை போய்ச் சேராது.

அப்புறம் எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தின் கம்யூனிட்டி நோட்ஸ், அதாவது பதிவுகளுக்குக் கீழே பயனர்களே எழுதும் விளக்கக் குறிப்புகள். வழக்கமாக முரண்படுகிறவர்களே ஒரு குறிப்பைப் பயனுள்ளது என்று ஏற்றால்தான் அது வெளியே தெரியும் என்பது அருமையான ஏற்பாடு. ஆனால் சூடான அரசியலில் அந்த உடன்பாடு வருவதற்குள் பொய் ஊர் சுற்றிவிடும், பல சமயம் உடன்பாடே வராது. அதனால்தான் 2025 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, அமெரிக்காவில் சரிபார்ப்பு நிறுவனங்களை விட்டுவிட்டு இந்த முறைக்கு மாறுவதாக அறிவித்தது எனக்கு ஒப்பவில்லை.

தெரிந்தவர் என்றால் நான் தனிச்செய்தியைத்தான் தேர்ந்தெடுப்பேன். உயிருக்கே ஆபத்தாகும் வதந்தி என்றால் மட்டும் பொதுவில் எழுத வேண்டும், அதுவும் பகிர்ந்தவர் பெயரை இழுக்காமல் தனிப் பதிவாக.