விம் எடிட்டர்: விதிக்கு எங்கே வளைய வேண்டும், எங்கே வேண்டாம்

டெர்மினலில் ஓடும் விம் டெக்ஸ்ட் எடிட்டரை வருடக்கணக்கில் அன்றாட வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு அதன் பழைய வழக்கங்கள் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். விரலோடு நிற்பவை சில. டிஸ்கில் போய் உட்காரும் பைட்டை மாற்றுபவை சில. முதல் வகையில் விம் எந்தத் தரநிலையை மீறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவதில் சிக்கல் வந்தால் அடி வாங்குவது பெரும்பாலும் பக்கத்து சீட்காரர். பெங்களூரு டீம்களில் ஒரே ரெப்போவை ஒருவர் விண்டோஸ் லேப்டாப்பில் விஎஸ் கோடில் திறப்பார், இன்னொருவர் மேக்கில், மூன்றாமவர் எஸ்எஸ்ஹெச் போட்டு சர்வரிலேயே விம்மில். அங்கே இது நன்றாகவே உறைக்கும்.

கடைசி வரியின் நியூலைனை (வரி முடிந்தது என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து) எடுத்துக்கொள்ளுங்கள். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பொதுத் தரநிலையான பாசிக்ஸ் கணக்கில் நியூலைனோடு முடிவதுதான் ஒரு வரி. விம்மும் அதையே பின்பற்றி, ஃபைலில் அது இல்லாவிட்டால் சேவ் செய்யும்போது சேர்த்துவிடும். விஎஸ் கோட் தானாகச் சேர்க்காது. அதனால் நடுவில் ஒரு வரியை மட்டும் திருத்தினாலும் மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃபில் கடைசி வரியும் மாறியதாக வந்து நிற்கும். இதில் விம் பக்கம்தான் நியாயம்: நியூலைன் இல்லாத சர்வர் பட்டியலை ஷெல்லின் ‘வைல் ரீட்’ லூப்பில் ஓட்டினால் கடைசி சர்வர் சத்தமில்லாமல் விடுபடும். ஆனால் டோக்கன், பாஸ்வேர்ட் மட்டும் இருக்கும் ஃபைலில் கதை வேறு. விம்மில் திறந்து சேவ் செய்ததும் ஒரு பைட் கூடும்; அதை அப்படியே குபர்னெட்டிஸ் சீக்ரெட்டாக (கன்டெய்னர்களை நடத்தும் தளத்தில் ரகசியங்களை வைக்கும் இடம்) ஏற்றினால் லாகின் தோற்கும், எங்கே பிழை என்று கண்ணுக்கும் தெரியாது. இதற்காகவே 2015-இல் ‘ஃபிக்ஸ்எண்ட்ஆஃப்லைன்’ ஆப்ஷன் வந்தது. அந்த ஃபைல்களுக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு சேவ் செய்யலாம்.

எல்லா எடிட்டருக்கும் பொதுவான அமைப்புகளை ரெப்போவிலேயே எழுதி வைக்கும் எடிட்டர்கான்ஃபிக் ஃபைலைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் இறுதி நியூலைனுக்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்தால் ‘இருப்பதை அப்படியே விடு’ என்று பொருள் இல்லை. ‘இருந்தால் நீக்கு’ என்று பொருள். தொட வேண்டாம் என்றால் அந்த வரியையே எழுதக் கூடாது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டர் 0.9 முதல் இந்த ஃபைலைத் தானே படித்துவிடுகிறது. விம் 9.1-இல் அது கூடவே வந்தாலும் விம்ஆர்சியில் (விம்மின் அமைப்பு ஃபைல்) ‘பேக்ஆட்’ போட்டு எழுப்ப வேண்டும்.

சேவ் செய்யும் முறைதான் இருப்பதிலேயே அதிக நேரத்தைத் தின்னும். யூனிக்ஸில் விம்மின் ‘பேக்அப்காப்பி’ ஆப்ஷன் ‘ஆட்டோ’வில் இருக்கும். வேறு பாதிப்பு வராது என்று தோன்றினால் பழைய ஃபைலைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, பழைய பெயரில் புதிய ஃபைலை எழுதும். உள்ளடக்கம் பத்திரம், ஆனால் டிஸ்கில் ஃபைலை அடையாளம் காட்டும் ஐநோட் எண் மாறிவிடும். டாக்கரில் ஒற்றை கான்ஃபிக் ஃபைலை பைண்ட் மவுண்ட் செய்திருந்தால் (வெளியே உள்ள ஃபைலை கன்டெய்னருக்குள் இணைத்திருந்தால்) கன்டெய்னர் பழைய ஐநோட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே திருத்தம் தெரியும், உள்ளே தெரியாது. சேவுக்கு முன்னும் பின்னும் ‘எல்எஸ் -ஐ’ கொடுத்து எண்ணை ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். ‘பேக்அப்காப்பி’யை ‘யெஸ்’ ஆக்கினால் அதே ஃபைலின் மேலேயே எழுதும். ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரையே மவுண்ட் செய்வது இன்னும் நல்லது. டீமில் மற்றவர் எந்த எடிட்டர் வைத்திருந்தாலும் கவலையில்லை. மாற்றங்களைக் கண்காணிக்கும் பில்ட் கருவியின் லாகில் ‘4913’ என்று ஒரு ஃபைல் தோன்றி மறைகிறதா? பேயும் இல்லை, வைரஸும் இல்லை. அந்த ஃபோல்டரில் புதிய ஃபைல் உருவாக்க முடியுமா என்று விம் பார்க்கும் சோதனை அது. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் 123 கூட்டி 5036 என்று முயலும். ‘யெஸ்’ வைத்தால் இந்தச் சோதனையும் நின்றுவிடும்.

விண்டோஸ் வரி முடிவில் விம் அதிகப்படியாக நல்ல பிள்ளை. எல்லா வரியும் விண்டோஸ் பாணியில் இரண்டு எழுத்து கொண்ட சிஆர்எல்எஃப்-இல் முடிந்தால் ‘டாஸ்’ வடிவம் என்று கண்டுகொண்டு ஒரு குறியும் காட்டாமல் சுத்தமாகத் திறக்கும். அப்படிப்பட்ட ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓடாது. விம்மில் பார்த்தால் பழுதே தெரியாது. திறக்கும்போது கீழே வரும் ‘டாஸ்’ என்ற சொல் மட்டுமே தடயம். ‘ஃபைல்ஃபார்மேட்’டை ‘யூனிக்ஸ்’ ஆக்கி சேவ் செய்தால் போதும். ஃபைலின் தலையில் ஒட்டும் 3 பைட் பிஓஎம்மையும் (யூனிகோட் ஃபைல் என்று காட்டும் குறி) விம் இதே போல மறைக்கும், அதற்கு ‘நோபாம்’. நோட்பேட் 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8-ஐ இயல்பாக்கியதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

தமிழ், கன்னடம் இரண்டிலும் ஆப் சரங்களை வைத்திருக்கும் ரெப்போக்களில் இன்னொன்று. ‘கொ’வை ‘ொ’ என்ற ஒரே குறியீட்டோடும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். விம் தேடலுக்கு சமமில்லை: முதலாவது 6 பைட், அடுத்தது 9 பைட். கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்று சொல்லும். கன்னட ‘கொ’வுக்கும் இதே கதிதான். விம்முக்குள் இதற்கு வழி தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கமிட்டுக்கு முன் பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ மூலம் என்எஃப்சிக்கு (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) மாற்றும், தானாக ஓடும் ஒரு ஹூக் போதும்.

விரல் விஷயங்களுக்கு வந்தால் பிடிவாதம் தேவையில்லை. விம்மின் முன்னோடியான விஐயில், பாசிக்ஸ் விதிப்படி, ‘யூ’வை இரண்டாம் முறை அழுத்தினால் முதல் அன்டூ திரும்பிவிடும், விம் அதை மீறிப் பல படி பின்னே போகிறது, நல்லதே. பெரிய ‘ஒய்’ விஐயிலும் விம்மிலும் முழு வரியை எடுக்கும்; நியோவிம் 0.6 முதல் கர்சரிலிருந்து வரி முடிவு வரை மட்டும். இரண்டிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் விம்ஆர்சியில் ஒரு வரி மேப் போட்டு ஒன்றாக்கிவிடலாம். முழு விம் இல்லாத உபுண்டுவில் ‘விஐ’ என்று அடித்தால் வருவது பெரும்பாலும் விம்-டைனி என்ற சிறிய பதிப்பு, அதுவும் பழைய விஐ பொருத்தத்தோடு. இன்செர்ட்டில் அம்புக்குறியை அழுத்தினால் ஏ, பி, சி, டி எழுத்துகள் விழும். ‘செட் நோகம்பேட்டிபிள்’ கொடுத்தால் அந்த செஷனுக்குச் சரியாகும். அடிக்கடி போகும் சர்வர் என்றால் முழு விம்மையே நிறுவிவிடுவது மேல்.