பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா: அரசுப் பள்ளிப் பிள்ளை பி.இ. சேர எது தோது?

பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வழியிலும் ஆறு வருடம்தான். பிளஸ் டூ என்றால் 2+4. டிப்ளமோ என்றால் 3+3, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை.

பிளஸ் டூ வழியின் பெரிய பலம், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடு. பொறியியலுக்கு 2021இல் வந்தது. கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே கட்டுகிறது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரு வருடம் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் சிக்கல்தான். (கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்தவர்களுக்கு விலக்குண்டு.) பள்ளி மாறிய பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும், கலந்தாய்வு நேரத்தில் அலையாமல் மே மாதமே வாங்கிவிடுவது நல்லது.

பத்தாவதோடு பாலிடெக்னிக் போனால் இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். ஆனால் மூன்றாம் வருட முடிவில் கையில் டிப்ளமோ இருக்கும், வேலைக்குப் போகலாம். பி.இ.யைப் பாதியில் விட்டவருக்கு மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ்தான். வீட்டில் பணம் எப்போது தீருமென்று தெரியாத குடும்பத்துக்கு இதுவே பெரிய வித்தியாசம்.

டிப்ளமோ மாணவர்கள் தடுக்கி விழுவது கணிதத்தில். முதலாண்டின் அணிகள் (மேட்ரிக்ஸ்), நுண்கணிதத்தை (கால்குலஸ்) படிக்காமலே தாண்டி நேரே மூன்றாம் பருவத்துக்கு வருகிறார்கள். அங்கே பகுதி வகைக்கெழுச் சமன்பாடு காத்திருக்கிறது. பட்டறையில் கெட்டிக்காரப் பையன், அரியரோடு நிற்பான். வகுப்பு தொடங்குமுன் மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம், தொகையீட்டிலிருந்து (இன்டகிரேஷன்) தமிழில் விளக்கிச் சொல்லித்தரும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள்.