பத்தாங்கிளாஸ் வரலாறு ரெண்டு மார்க் கைடு வாங்கலாமா?

போன மாசம் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு புக்கு கடையில மகளுக்கு சமூக அறிவியல் ரெண்டு மார்க் கைடு ஒண்ணு வாங்குனேன், 160 ரூபா. கம்பெனி பேரு வேண்டாம்.

பேப்பரு கொள்ளாம், எழுத்தும் பெருசு. பப்ளிக்ல 14 கேள்வியில 10 எழுதணும், 28ஆவது கட்டாயம்னு முத பக்கத்துலயே போட்டிருக்கு, அதுவரைக்கும் சரிதான். உள்ள பதில்தான் கொள்ளாது.

வேலூர் புரட்சிக்கு உடனடிக் காரணம் என்னன்னு ஒரு கேள்வி. இதுக்கு பதினோரு வரி எழுதி வச்சிருக்கான். 1799ல திப்பு செத்தது, பிள்ளைகள வேலூர் கோட்டையில கொண்டு வச்சது, 1806 ஜூலை 10 காலம்பற என்ன நடந்தது, ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பி வந்து அடக்குனது எல்லாம் வரிசையா வருது, கேட்ட காரணம் மட்டும் ஒம்பதாவது வரியில பதுங்கி கிடக்கு. சிப்பாய்களுக்கு தோல் பட்டை வச்ச புது தலைப்பாகை, சமயக்குறி போடக்கூடாது, கடுக்கன் கூடாது, அம்புட்டுதான் பதில், ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். இவ பாவம் பதினோரு வரியையும் மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சைல முத அஞ்சு வரி எழுதுனா, மிச்சம் மறந்து போச்சு, அர மார்க்கு. "மக்ளே, கேட்டது ஏன்னு, நீ எப்பம்னுல்லா எழுதி வச்சிருக்க"ன்னு கேட்டேன், "கைடுல அப்பிடித்தானப்பா இருக்கு"ங்கா. இத மாதிரி நீட்டி எழுதியே கடைசில மேப்புக்கு நேரம் இல்லாம வந்திருக்கா.

இப்பம் ராத்திரி ரெண்டு பேரும் ஸ்கேலும் பென்சிலும் வச்சு உக்காருதோம். கேள்வியில ஏன், எப்போது, யார்ங்கத வட்டம் போடுவா, அப்பறம் பதில்ல அதுக்கு வேண்டிய வரிய மட்டும் விட்டுட்டு மிச்சத்த அடிச்சிருவா. பாதி புக்கு பென்சில் கோடுதான். 160 ரூபா குடுத்து நாமளே எடிட்டர் வேலயும் பாக்கணும்.

இதுக்கும் மேல ஒண்ணு. பின்னால கூடுதல் வினாக்கள்னு நம்ம குளச்சல் போர் போட்டிருக்கான், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்கள தோக்கடிச்சாருல்லா, அதான். வருஷம் 1714, சரி அச்சுப்பிழைன்னு விடலாம், டச்சுப் படைத் தளபதி டி லனாய் அந்தப் போர்லயே செத்துட்டாருன்னு இருக்கு. எங்க வீடு தக்கலை. ஞாயித்துக்கிழம பைக்க எடுத்துட்டு அவள புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்கு கூட்டிட்டு போயி அவரு கல்லறைய காட்டுனேன். பிடிபட்ட மனுசன் மார்த்தாண்ட வர்மாவுக்கே படைய பழக்கிக் குடுத்து 1777 வரைக்கும் இருந்திருக்காரு. திரும்பி வந்து அவளே நோட்டுல ரெண்டு வரி எழுதுனா, அடிக்க ஒண்ணும் இல்ல.

கடையில கேட்டா பேரு எழுதுன புக்க மாத்த முடியாதுங்கான். அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் பேப்பருக்காக. ஏற்கனவே வாங்குனவங்க கடைசி பக்கத்துல 1714அ 1741னு பேனாவுல திருத்திக்கிடுங்க, டி லனாயையும் உயிரோட விட்டுருங்க.