டிக்கெட் இல்லாதவருக்கும் ஆட்டம் நடக்கும் ஊர் எது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இன்றைக்கு அசையாமல் இருப்பது ஊர் ஒன்றுதான். நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த அமெரிக்க ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். ஆட்டக்காரர்கள் நினைத்தால் அடுத்த வருடமே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறார்கள். 2021 முதல் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். பயிற்சியாளர் நான்கு ஆட்டம் தோற்றால் பெரும் தொகை கொடுத்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிஸின் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. என்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் 2024இல் பிக் டென் லீகுக்கு மாறி, கிழக்குக் கரையின் மேரிலாண்டுக்கும் நியூ ஜெர்சிக்கும் பறந்து போய் ஆடுகின்றன. இத்தனை மாறியும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏழெட்டுச் சனிக்கிழமைகளுக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கும் ஊர்கள் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் எந்த அணி சிறந்தது என்பதைவிட எந்த ஊர் சிறந்தது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த ஊர்களைத் தரவரிசைப்படுத்துபவர்கள் ஸ்டேடியத்தில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பட்டம் வாங்கினார்கள், சத்தம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். அதெல்லாம் அணியின் பெருமை. தேரோட்டத்தன்று கோயிலுக்குள் போகாமல் வீதியோரம் நிற்பவருக்கும் அது திருவிழாதான். அதனால் நான் பார்ப்பது வேறு. கையில் டிக்கெட் இல்லாமல் வந்து இறங்குகிறவருக்கு அன்று அந்த ஊரில் என்ன இருக்கிறது? அணி அடிமேல் அடி வாங்கிய வருடங்களில் ஊர் எப்படி நடந்துகொண்டது? ஆன் ஆர்பர், ஸ்டேட் காலேஜ், ஆக்ஸ்ஃபோர்ட், லிங்கன், ஆபர்ன் ஆகிய ஐந்தையும் இந்த இரண்டு கேள்விகளோடுதான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

பட்டியல்களில் எப்போதும் மேலே இருப்பது மிச்சிகனின் ஆன் ஆர்பர். 1927இல் திறந்த மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம்; அமெரிக்காவிலேயே பெரியது. 2013இல் நோட்ர டாம் அணியோடு ஆடிய இரவில் 1,15,109 பேர் வந்தார்கள். பாதிக்கு மேல் பூமிக்குள் தோண்டிக் கட்டியதால் வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரியதாகத் தெரியாது. வாசலைத் தாண்டியதும் கீழே ஒரு பள்ளத்தாக்கு மாதிரி விரியும். அணிக்கும் குறையில்லை, 2023 பருவத்தில் ஆடிய 15 ஆட்டத்தையும் வென்று பட்டம் வாங்கியது. ஆனால் ஆன் ஆர்பருக்குப் பெரிய மருத்துவமனை, ஆராய்ச்சி, மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் உண்டு. முக்கால் மணி நேரத்தில் டெட்ராய்ட். அங்கே தொழில்முறை அணிகள் வரிசையாக இருக்கின்றன. நாளைக்கே ஃபுட்பாலை எடுத்துவிட்டாலும் ஆன் ஆர்பர் ஆன் ஆர்பராகவே இருக்கும். குடும்பத்தோடு குடியேற இந்த ஐந்தில் அதுதான் முதல். ஃபுட்பால் ஊர் என்ற வகையில் என் கணக்கில் அது கடைசி.

பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் இதற்கு நேர் எதிர். பெயரே சொல்கிறது, கல்லூரி இல்லாவிட்டால் அந்த ஊரே இல்லை. பிட்ஸ்பர்கிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் சுமார் மூன்று மணி நேரம், நடுவில் மலையும் பண்ணையும். சுமார் 40,000 பேர் வசிக்கும் ஊரில் 1,06,000 பேருக்கு மேல் உட்காரும் பீவர் ஸ்டேடியம். 1960இல் பழைய மைதானத்தின் இரும்பு இருக்கைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, வளாகத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய் மறுபடி கோத்த ஸ்டேடியம் அது. வருடத்துக்கு ஒரு பெரிய ஆட்டத்தன்று எல்லோரும் வெள்ளை உடுத்தி வரும் ‘வைட் அவுட்’ இரவை ஆன் ஆர்பர் கனவிலும் நடத்த முடியாது. நல்ல இடம் பிடிக்க மாணவர்கள் நாள்கணக்கில் வாசலில் கூடாரம் போட்டுக் கிடப்பார்கள்.

டிக்கெட் இல்லாதவருக்கு ஸ்டேடியத்தைச் சுற்றிய புல்வெளிகள் இருக்கின்றன. வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டிச் சாப்பிடும் ‘டெயில்கேட்’ அங்கே அதிகாலையிலேயே தொடங்கிவிடும். ஆனால் கடைவீதியான காலேஜ் அவென்யூ எங்கேயோ இருக்கிறது, கொண்டாட்டம் எங்கேயோ நடக்கிறது. ஊரின் நடுவில் எதுவும் நடப்பதில்லை.

இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது 2011ஐ விட்டுவிட்டுப் பேசக் கூடாது. சிறுவர்களை ஒரு முன்னாள் உதவிப் பயிற்சியாளர் வருடக்கணக்கில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியது அந்த நவம்பரில் வெளிவந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ பதவி நீக்கப்பட்ட இரவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, தொலைக்காட்சி வண்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அல்ல, பயிற்சியாளருக்காக. அடுத்த ஜூலையில் அவருடைய சிலையை அகற்றினார்கள். ஒரு மனிதரைச் சாமியாக்கி வைத்த ஊர் அப்படித்தான் தடுமாறும். பின்னர் நிறைய பேர் வெட்கப்பட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்காக நிதி திரட்டினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் அந்த இரவு என் கணக்கில் நிற்கிறது.

மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்ட், டிக்கெட் இல்லாதவருக்குச் சொர்க்கம். ‘ஓல் மிஸ்’ என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் நடுவில் ‘குரோவ்’ என்று பத்து ஏக்கர் தோப்பு. ஓக், எல்ம், மக்னோலியா மரங்கள். வெள்ளிக்கிழமை இரவு கூடாரம் போட அனுமதி கிடைத்ததும் இடம் பிடிக்க ஓட்டமாக ஓடுவார்கள். சனிக்கிழமை காலையில் போனால் கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கும், வெள்ளை மேசைவிரிப்பு, வெள்ளித் தட்டு, பூச்சாடி. தோப்புக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் எல்லாமே வீட்டிலிருந்து சமைத்து வருகிறது: பொரித்த கோழி, முட்டை, சீஸ் வைத்த சின்னச் சின்ன சாண்ட்விச். ஆண்கள் டையும் கோட்டும், பெண்கள் நல்ல உடையும் உடுத்திக் கல்யாண வீடு மாதிரி நடமாடுவார்கள். தெரியாதவரையும் தட்டு நீட்டிச் சாப்பிடச் சொல்வார்கள். ‘ஆட்டத்தில் தோற்றாலும் விருந்தில் தோற்றதில்லை’ என்பது அவர்களே சொல்லிக்கொள்வது. ஸ்டேட் காலேஜின் புல்வெளியையும் இந்தத் தோப்பையும் அருகருகே வைத்தால் போட்டியே இல்லை.

ஆனால் குரோவின் பலமே அதன் குறையும்கூட. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பாதிப் பேர் கூடாரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். எதிரணி முன்னேறும்போது ஸ்டேடியத்தில் இடைவெளிகள் தெரியும். விருந்துக்குத்தான் வந்தோம் என்று ஆகிவிட்டால் அது ஃபுட்பால் ஊர் ஆகுமா?

இதைவிடப் பெரிய கனம் ஒன்றும் அந்தத் தோப்பின் மேல் இருக்கிறது. 1962 செப்டம்பர் 29 அன்று ஜாக்சன் நகரில் நடந்த ஓல் மிஸ் ஆட்டத்தின் இடைவேளையில் மிசிசிப்பி ஆளுநர் ராஸ் பார்னெட் மைதானத்துக்கு வந்து பேசினார். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலங்களின் கலகக் கொடிகளை அசைத்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. மறுநாள் இரவு, ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேருவதைத் தடுக்க வளாகத்தில் கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். அந்த வருடம் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. கொடிக்கம்புகளை ஸ்டேடியத்துக்குள் கொண்டுவரத் தடை வந்தது 1997இல்தான். மெரிடித்துக்கு 2006இல் சிலை வைத்திருக்கிறார்கள்; தோப்பிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் எது குறைவோ அது நெப்ராஸ்காவின் லிங்கனில் நிறைய. மாநிலத்துக்கே ஒரு பெரிய தொழில்முறை அணியும் கிடையாது; நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிதான் எல்லோருக்கும். 1962 நவம்பர் 3 அன்று தொடங்கி அங்கே ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை. அந்த வரிசை 400ஐத் தாண்டிவிட்டது. ஆட்டம் நடக்கும் நேரத்தில் மெமோரியல் ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ‘நகரம்’.

வென்ற காலத்தில் கூட்டம் வருவதில் பெருமை இல்லை. டாம் ஆஸ்போர்ன் 25 பருவங்களில் 255 ஆட்டங்களை வென்று கொடுத்துவிட்டு 1997 பருவத்தோடு ஓய்வு பெற்றார். 2017 முதல் 2023 வரையான ஏழு பருவங்களிலும் அணி வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். 2021இல் தோற்ற ஒன்பது ஆட்டமும் ஒற்றை இலக்கப் புள்ளிகளில் கைநழுவியவை. ஒவ்வொரு வாரமும் கடைசி நிமிடம் வரை நம்பவைத்து ஏமாற்றிய அணியைப் பார்க்க, நானூறு மைலுக்கு அப்பாலிருந்தெல்லாம் விவசாயிகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சில ஆட்டங்களுக்கு விற்காமல் நின்ற சீட்டுகளைக் கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் வரிசை காப்பாற்றப்பட்டது. அதை ஏமாற்று என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. வராத பணக்காரரின் இடத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்தால் நல்லதுதானே.

லிங்கன் கூட்டத்தின் பண்பும் தனி. ஆட்டம் முடிந்து வெளியேறும் எதிரணிக்குக் கைதட்டுவார்கள், வென்றாலும் தோற்றாலும். ஸ்டேடியச் சுவரில் அங்கே தத்துவம் கற்பித்த ஹார்ட்லி பர் அலெக்சாண்டர் எழுதிய வாசகம் செதுக்கியிருக்கிறது: வெற்றியில் அல்ல, செயலில், இலக்கில் அல்ல, ஆட்டத்தில், செய்வதிலேயே புகழ். 2023 ஆகஸ்டில் இதே ஸ்டேடியத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்தார்கள். வெற்றி பெறும் ஆண்கள் அணியை மட்டும் பிடித்திருந்தால் இது நடக்காது. ரசிகர்களுக்கு மட்டும் பரிசு கொடுப்பதென்றால் யோசிக்காமல் லிங்கனுக்குக் கொடுத்துவிடலாம்.

ஊருக்கு என்று வரும்போதுதான் தயக்கம். லிங்கன் மாநிலத் தலைநகரம், மூன்று லட்சம் பேரை நெருங்கும் நகரம். சட்டசபையும் அலுவலகங்களும் அதன் பாட்டுக்கு நடக்கின்றன. பழைய கிடங்குகளைக் கடைகளாக்கிய ஹேமார்க்கெட் பகுதியில் கூட்டம் அலைமோதும், கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த ‘ரன்ஸா’ ரொட்டி கிடைக்கும். ஆனால் ஆட்டத்தின் உயிர் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியில் இருப்பவர் பார்வையாளரின் பார்வையாளர்.

அலபாமாவின் ஆபர்ன் அதை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 76,000 பேர் வாழ்ந்த ஊர். ஸ்டேடியத்தில் 88,043 இருக்கைகள். அணி வென்றால் ஊரே நடந்து போய்ச் சேரும் இடம் டூமர்ஸ் கார்னர். பல்கலைக்கழக வளாகம் முடிந்து கடைவீதி தொடங்கும் நாற்சந்தி அது. அங்குள்ள ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசுவார்கள். சுருள் பிரிந்துகொண்டே போய்க் கிளையில் மாட்டித் தொங்கும். அரை மணி நேரத்தில் மரம் வெள்ளையாகிவிடும். முன்னொரு காலத்தில் மூலையில் உள்ள டூமர் மருந்துக்கடையில்தான் தந்தி வசதி இருந்தது, வெளியூரில் வென்ற சேதி வந்ததும் தந்தி நாடாவைக் கம்பிகள் மேல் வீசினார்கள், அதுதான் இப்படி ஆனது என்று சொல்வார்கள். வீச டிக்கெட் வேண்டாம், ஒரு சுருள் போதும். அப்பாவின் தோளில் இருக்கும் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் வீசுவார்கள். வெளியூரில் ஆட்டம் நடந்தாலும் இங்கே கூட்டம் கூடும். மற்ற நான்கு ஊர்களிலும் இதற்கு ஈடாக ஒன்று இல்லை.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஆட்டக்காரர்கள் தெரு வழியாக நடந்து ஸ்டேடியத்துக்கு வருவார்கள். அதையும் யாரும் நின்று பார்க்கலாம், தோளில் தட்டலாம். பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழக அணியுடன் 1948 முதல் நாற்பது வருடம் பர்மிங்காம் நகரில்தான் ஆடினார்கள். 1989 டிசம்பர் 2 அன்று அலபாமா முதல்முறையாக ஆபர்னுக்கு வந்து ஆட வேண்டியதாயிற்று. அன்று அந்த நடையைப் பார்க்கத் தெருவில் சுமார் 20,000 பேர் நின்றதாகச் சொல்கிறார்கள். ஆபர்ன் 30-20 என்று வென்றது.

சரி, தோற்ற காலத்தில்? 2010இல் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என்று அலபாமாவை வென்றதைப் பொறுக்காத எதிரணி ரசிகர் ஒருவர் அந்த மரங்களுக்கு விஷம் வைத்தார். அவரே வானொலி நிகழ்ச்சிக்குப் போன் செய்து சொல்லி, பிறகு சிறைக்குப் போனார். மரங்கள் மெல்ல மெல்லச் செத்தன. 2012இல் அணி மூன்றே ஆட்டம் வென்று ஒன்பது தோற்றது. அடுத்த ஏப்ரலில், தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் பயிற்சி ஆட்டத்துக்கு 83,401 பேர் வந்தார்கள், சாகப்போகும் மரங்கள் மேல் கடைசியாகக் காகிதம் வீச. சில நாளில் மரங்களை வெட்டினார்கள். அந்த நவம்பரில் அலபாமா உதைத்த பந்து கோலுக்கு எட்டாமல் விழ, அதைப் பிடித்த கிறிஸ் டேவிஸ் மைதானத்தின் முழு நீளமும் ஓடிக் கடைசி நொடியில் 34-28 என்று முடித்தார். நாற்சந்தியில் மரமே இல்லை. கம்பம் நட்டுக் கட்டியிருந்த கம்பிகள் மேல் ஊர் காகிதம் வீசியது. புது மரங்களை நட்டது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று: விஷச் சேதி வெளியான இரண்டு மாதத்தில், 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமா அணியின் ஊரான டஸ்கலூசாவைச் சூறாவளி சிதைத்தது. ஆபர்ன் ரசிகர்கள் ‘டூமர்ஸ் ஃபார் டஸ்கலூசா’ என்று குழு தொடங்கி உதவிப் பொருள்களோடு அங்கே போனார்கள். ஸ்டேட் காலேஜின் அந்த நவம்பர் இரவையும் இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

ஆபர்ன் சுத்தமான ஊர் என்று சொல்லவில்லை. முதல் கறுப்பின மாணவர் ஹரால்ட் ஃபிராங்க்ளின் 1964இல்தான் சேர முடிந்தது. அவருக்கான முதுகலைப் பட்டத்தை 2020இல்தான் கொடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டைக் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். அதையும் கணக்கில் வைத்தே, என் வரிசை: ஆபர்ன், லிங்கன், ஆக்ஸ்ஃபோர்ட், ஸ்டேட் காலேஜ், ஆன் ஆர்பர்.

போக நினைத்தால் அட்லாண்டாவில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். அலபாமாவோடு மோதும் வாரத்தை விட்டுவிடுங்கள், அறை கிடைக்காது. செப்டம்பரில் ஒரு சாதாரண ஆட்டம் போதும். ஜார்ஜியா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் டூமர் கடையில் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு, ஆட்டக்காரர்கள் நடந்து வரும் தெருவில் முன்வரிசையில் இடம் பிடித்துவிடலாம்.