விதோரா, வியெர்னா?

தேவாலயங்களில் ஒலிக்கும் பெரிய குழாய்க் கருவியான ஆர்கனின் இசையை, விதோர், வியெர்ன் என்ற இரு பிரெஞ்சு இசையமைப்பாளர்களில் யாரிடமிருந்து தொடங்குவது என்று திண்டாடுகிறவர்களுக்கு.

பதவி: விதோர் 1870-இல் பாரிஸ் சென் சுல்பீஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகத் 'தற்காலிகமாக' அமர்ந்தவர், 1933 வரை எழுந்திருக்கவில்லை! அவருடைய மாணவர் லூயி வியெர்ன், 1900 முதல் நோத்ர தாம் பேராலயத்தில்.

எளிமை: விதோர்தான். ஐந்தாம் ஆர்கன் சிம்பொனியின் தொக்காத்தா (விரல் வேகத்தைக் காட்டும் துரிதமான பகுதி) கேட்டவுடனே பிடித்துவிடும்.

ஆழம்: எனக்கு வியெர்ன். பிறவியிலேயே பார்வைக் குறை. தம்பியையும் மகனையும் முதல் உலகப்போரில் பறிகொடுத்தார். 1937 ஜூன் 2 அன்று கச்சேரியின்போதே சரிந்தார். கால் பெடலில் (காலால் வாசிக்கும் கட்டையில்) அழுந்தியிருக்க, அந்தத் தாழ்சுரம் ஆலயம் முழுக்க நீண்டுகொண்டே இருந்தது.

காலையில் உற்சாகம் வேண்டுமா, விதோர். இரவில் தனியே உட்கார்ந்து கேட்க, வியெர்னின் மூன்றாம் சிம்பொனி. நல்ல ஹெட்போன் அவசியம். ஃபோன் ஸ்பீக்கரில் பெடல் சுரங்கள் காணாமலே போய்விடும்.